அப்பீல் வேண்டாம் என்றார் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரருக்கு ஆயுள் தண்டனை என்று ஜட்ஜ் வாசித்தபோது எனக்கு அது புரியவில்லை. இங்கிலீஷில் வாசித்தார். பக்கத்தில் நின்ற என் கொழுந்தன் சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு வருகிறவர்களில் சிலருக்கு என்னைப் பாண்டியம்மாள் என்று தெரியும். கொலைக் கேசில் உள்ளே போனவர் பெண்டாட்டி என்று மட்டும் தெரிந்தவர்களும் இருப்பீர்கள். இரண்டும் நான்தான். இந்தச் சன்னிதியில் இருக்கும் காளீசர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கேசையும் சொல்லத்தான் வேண்டும்.

அறுபதுகளின் கடைசி. மழை பொய்த்த வருஷம். எங்கள் கண்மாயில் தண்ணீர் அடியில் கிடந்தது. அதை யார் வயலுக்கு முதலில் திறப்பது என்று மடையில் தகராறு. என் வீட்டுக்காரர் கருப்பையாவும் அவருடைய பங்காளி சின்னத்தம்பியும் வாய்ச்சண்டை போட்டார்கள். சின்னத்தம்பி நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். இவர் கையிலிருந்த மண்வெட்டியைத் திருப்பி அடித்தார். ஒரே அடி. அது தலையில் விழுந்தது.

அடித்த கையாலேயே அவரைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு காளையார்கோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. சின்னத்தம்பி மனைவி ராக்கு அப்போது கைப்பிள்ளைக்காரி. நானும் அவளும் ஒரே வருஷம் அந்த ஊருக்கு வாழ வந்தவர்கள்.

கேஸ் நடந்தபோது என் பெரிய மாமனார்தான் எல்லாம் பார்த்தார். கருப்பையா அன்றைக்கு ஊரிலேயே இல்லை, நெற்குப்பையில் ஒரு கல்யாணத்தில் இருந்தான் என்று சொந்தக்காரர்கள் இரண்டு பேரைச் சாட்சி சொல்ல வைத்தார். பொம்பளைகளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. குறுக்கு விசாரணையில் அந்த இரண்டு பேரும் ஆளுக்கொன்றாக உளறினார்கள். ஆஸ்பத்திரிக்கு வண்டியை ஓட்டிப்போன வண்டிக்காரர் மட்டும் நடந்ததைச் சொன்னார். அடித்தவரே தூக்கி வந்து வண்டியில் ஏற்றினார், வழியெல்லாம் அழுதார் என்றார். எங்கள் பக்கத்து வக்கீலோ, இந்த ஆள் சொல்வது பொய் என்று வாதாட வேண்டியதாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு ஆதரவாக இருந்த ஒரே வார்த்தையை நாங்களே அடித்துப்போட்டோம். இது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் விளங்கியது.

மதுரை ஜெயிலில் அவரைப் பார்க்கப் போனேன். மேல்கோர்ட்டில் பெரிய வக்கீல் வைத்து அதே நெற்குப்பைக் கதையைச் சொல்லலாம் என்று பெரிய மாமனார் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பீல் போட நாள் கெடு உண்டு, அதில் பாதி ஓடிவிட்டது என்பதையும் சொன்னேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றார்.

“நான் அந்த எடத்துலயே இல்லன்னு மறுபடியும் சொல்லச் சொல்றாக. என்னால முடியாது பாண்டியம்மா. அவன் தலை என் மடியிலதான கெடந்துச்சு.”

“அப்ப எங்கள என்ன செய்யச் சொல்லுறீக?”

அதற்குள் நேரம் முடிந்தது என்று உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள்.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. காளையார்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே இந்தச் சன்னிதிக்குப் போனேன். அதுவரை அவரை விட்டுவிடு சாமி என்றுதான் கேட்டுவந்தேன். அன்றைக்கு ராக்குவின் முகம் குறுக்கே வந்தது. விடுதலை என்ற வார்த்தை வாயில் வரவில்லை. சாமி, நடந்தது நடந்தபடி யாராவது ஒருவர் காதில் விழட்டும், அதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடு என்றேன். அழக்கூட முடியவில்லை. நடை சாத்தும்வரை தூணோரமாகக் கிடந்தேன்.

அடுத்த தடவை ஜெயிலுக்குப் போனபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. அங்கே இருந்த ஓர் அதிகாரி, கூட வந்த கைதிகளெல்லாம் அப்பீல் போட்டிருக்க நீ மட்டும் ஏன் போடவில்லை என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். பொய் சொல்ல முடியாது என்று இவர் சொன்னாராம். அதற்கு அவர் சொன்னதை இவர் எனக்கு அப்படியே ஒப்பித்தார்:

“அப்பீல்னா நான் செய்யலன்னு சொல்றது மட்டும் இல்லப்பா. செஞ்சேன், ஆனா திட்டம் போட்டுச் செய்யல, இது கொலைக்குத்தம் ஆகாதுன்னும் சொல்லலாம். தண்டனை அதிகம்னும் சொல்லலாம். வக்கீல் இல்லாட்டியும் இங்கருந்தே எழுதி அனுப்பலாம்.”

எங்கள் யாருக்கும் இது தெரியாது. இரண்டில் ஒன்று, தப்பிப்பது அல்லது கிடந்து சாவது என்றே நினைத்திருந்தோம். இவர் சொல்லச் சொல்ல ஜெயிலிலேயே எழுதி, கைநாட்டு வாங்கி, கெடுவுக்குள் அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் தெரிந்து பெரிய மாமனார் வீட்டு வாசலில் வந்து நின்றார். “அடிச்சேன்னு அவனே எழுதிக் குடுத்துட்டான். இனிமே எந்தக் கோர்ட்டு அவன விடும்?” என்றார். அதோடு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவர் சொன்னது பலித்துவிடுமோ என்று நானும் பயந்தேன். வெள்ளி தவறாமல் இங்கே வந்து நின்றேன். நின்றாலும் பயம் போகவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சென்னை ஹைகோர்ட்டில் இவருக்காகப் பேச கோர்ட்டே ஒரு வக்கீலை ஏற்பாடு செய்தது. அவர் முகத்தை நாங்கள் கண்டதில்லை. வண்டிக்காரர் சாட்சியத்தை எடுத்து வைத்து, திடீர்ச் சண்டை, ஒரே அடி, அடித்தவரே காப்பாற்ற ஓடியிருக்கிறார் என்று வாதாடினாராம். கொலைக்குற்றம் என்பது நீங்கி, அதற்குக் குறைந்த குற்றமாயிற்று. ஆயுள் போய் ஏழு வருஷம்.

ஏழு வருஷம் சின்னது இல்லை. இடையில் என் மாமியார் மகனைக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைக்க இவர் இல்லை. நான் ஒண்டியாக வயலைப் பார்த்தேன். ராக்கு எதிரே வந்தால் வரப்பை விட்டு இறங்கி நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்ததே இல்லை.

எழுபதுகளின் நடுவில் இவர் இருமலோடும் நரையோடும் வந்து சேர்ந்தார். வந்த மறுநாள் ராக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உள்ள வாங்கன்னு சொல்ல எனக்கு மனசு இல்ல,” என்றாள். பிறகு, “வண்டியில கொண்டு போகயில அவுக எதுவும் சொன்னாகளா?” என்று கேட்டாள்.

இவர் மண்ணில் உட்கார்ந்தார். “பிள்ளை பேரச் சொன்னான் தாயி. ரெண்டு தடவை சொன்னான். அப்பறம் பேச்சு இல்ல.”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. மேல்கோர்ட்டிலும் இவர் நெற்குப்பையில் இருந்ததாகவே சொல்லி வெளியே வந்திருந்தால், அவள் இதைக் கேட்டிருக்க முடியுமா? நான் அன்றைக்குச் சன்னிதியில் கேட்டதற்கு முழுப் பதிலும் அந்த வாசலில்தான் கிடைத்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாருக்காகவும் பொய்ச்சாட்சிக்குப் போவதில்லை. உறவுகள் சில அதனால் அறுந்தும் போயின. ஜெயிலுக்கு ஆள் பார்க்கப் போகும் பெண்களோடு நான் துணைக்குப் போகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது உள்ளே இருக்கலாம். தீர்ப்பு வந்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்று முடங்கிவிடாதீர்கள். கெடு தப்புவதற்குள் கேளுங்கள். எங்கே போய்க் கேட்பது என்று தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள். முதலில் காளீசர் முன்னால் போய் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு வருவோம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நான் பக்கத்தில் நிற்கிறேன்.