சக்கரத்தைப் பார்த்து வசூல் செய்த கேட்

1. சீட்டு கிழிக்காத நாள்

மலை ரோட்டுக் கேட்டில் சீட்டு எழுதும் ரைட்டராக நான் சேர்ந்த முதல் நாள், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு வண்டிகூட எங்கள் கேட்டைத் தாண்டவில்லை. புதுச் சீட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை சுலபமாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன்.

இரண்டாம் உலகப் போருக்குச் சில வருடங்கள் முந்தைய காலம் அது. பண்ணைப்புரத்துக்கு மேற்கே மலையேறும் அந்த ரோடு சர்க்கார் ரோடு அல்ல. ஏலக்காய்த் தோட்ட முதலாளிகள் ஏழு பேர் சேர்ந்து சொந்தப் பணத்தில் போட்டது. அடிவாரத்தில் கேட் வைத்து, வசூல் உரிமையை வருடா வருடம் ஏலத்தில் குத்தகைக்கு விட்டார்கள். ரோட்டைப் பழுது பார்ப்பதும் குத்தகைக்காரர் பொறுப்பு. ரைட்டருக்குச் சம்பளம் முதலாளிகள் கொடுத்தார்கள். அதனால் குத்தகைக்காரர் மாறினாலும் ரைட்டர் மாறுவதில்லை.

அந்த வருடக் குத்தகைக்காரர் வண்டிக்கு இரண்டு அணாவாக இருந்ததை நாலணாவாக்கியிருந்தார். ரோட்டில் ஒரு கூடை ஜல்லிகூடப் போடவில்லை. வண்டிக்காரர்கள் சண்டைக்கு வரவில்லை. மூட்டைகளைப் பொதிமாட்டில் ஏற்றிப் பழைய மாட்டுப் பாதையில் இறக்கத் தொடங்கிவிட்டார்கள். வசூல் இல்லாததால் ரோடு கெட்டது. ரோடு கெட்டதால் வசூல் இன்னும் குறைந்தது. பங்குனியில் அவர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்.

2. வெள்ளைத்தாய் அம்மாள்

அடுத்த ஏலத்தில் குறைந்தபட்சத் தொகைக்குக்கூடக் கேட்க ஆள் இல்லை. கடைசியில் எழுந்தது வெள்ளைத்தாய் அம்மாள். வயது நாற்பது இருக்கும். கணவர் இறந்த பிறகு பன்னிரண்டு மாட்டு வண்டிகளை வைத்துத் தானே லோடு அடித்துக்கொண்டிருந்தவர். வண்டிக்காரியே வண்டிக்காரர்களிடம் எப்படி வசூல் செய்வாள் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"எம் பன்னெண்டு வண்டிக்கும் மொதச் சீட்டு நாந்தேன் வாங்குவேன்" என்றார் அந்த அம்மாள்.

குத்தகை கையெழுத்தான மறுநாள் கேட்டுக்கு வந்து, புதுக் கட்டணப் பலகை எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதிய எனக்குப் பாதி புரியவில்லை. சக்கரத்தின் இரும்புப் பட்டை இரண்டரை அங்குல அகலத்துக்குக் குறைவு என்றால் நாலணா. இரண்டரை அங்குலமோ அதற்கு மேலோ என்றால் ஒன்றரை அணா. மேலே போகும் வெறும் வண்டிக்கு எதுவும் இல்லை.

வெறும் வண்டியை ஏன் விட வேண்டும் என்று கேட்டேன்.

"வெறும் வண்டி மேல போனாத்தானே ரைட்டரே லோடு கீழ வரும்? போறப்பவே காசு கேட்டா அவன் ஏறவே மாட்டான்."

பட்டை விஷயம் கேட்காமலே விளங்க வைத்தார். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் என்னைக் கேட்டுக்கு மேலே அழைத்துப் போய், இரண்டு வண்டித் தடங்களைக் காட்டினார். ஒடுங்கிய பட்டை போன இடத்தில் கத்தியால் கீறியதுபோலப் பள்ளம். அதில் தண்ணீர் நின்றது. அவருடைய அகலப் பட்டை வண்டி போன இடத்தில் ஜல்லி அமுங்கி, உருளை ஓட்டியதுபோல் இருந்தது. ஒருவன் ரோட்டை அறுக்கிறான், ஒருவன் அழுத்திக் கொடுக்கிறான், இரண்டு பேருக்கும் ஒரே காசா என்பதுதான் அவருடைய கேள்வி.

பட்டை மாற்றச் செலவாகும் என்று வண்டிக்காரர்கள் முனகினார்கள். அந்த அம்மாள் கேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கொல்லரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். பட்டை மாற்றுகிற வண்டிக்கு இரண்டு மாதம் சீட்டு வேண்டாம் என்றார். அவர்களில் முதலில் மாற்றியவர் உத்தமபாளையத்துக்காரரான பீர்முகமது ராவுத்தர். மலைக்கு லோடு அடிப்பவர்களில் மூத்தவர். அவர் மாற்றியதைப் பார்த்து மற்றவர்களும் மாற்றினார்கள். ஆடி முடிவதற்குள் மாட்டுப் பாதையில் புல் முளைத்துவிட்டது.

3. ஒன்பதாம் வளைவு

ஐப்பசி மழை அந்த வருடம் பலமாகப் பிடித்தது. வெள்ளைத்தாய் அம்மாள், கணவருடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் ஒன்பதாம் வளைவுவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் திரும்பி வந்ததும் கேட்டை இறக்கச் சொன்னார். ஒரு வண்டியும் போகக் கூடாது.

அன்று காலை பத்து மணிக்கு லாரி வந்தது. முதலாளிகளில் பெரியவருடைய தோட்டத்து லாரி. முன்னால் மானேஜர் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஏலக்காய் உலர்த்தும் கூடத்துக்கான இரும்புக் குழாய்களும் தகடுகளும். மேலே பழைய குழாய்கள் ஓட்டையாகிவிட்டன. பறித்த காய் குவிந்து கிடக்கிறது. இரண்டு நாளில் சூடு போடாவிட்டால் அழுகிவிடும். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தத் தோட்டத்தின் வருட விளைச்சலில் பெரும்பகுதி அந்தக் காய்தான்.

"நாங்க போட்ட ரோட்டுல எங்க லாரியவே நிறுத்துறீங்களா? குத்தகைய இன்னைக்கே ரத்து பண்ண முடியும், தெரியுமா?" என்றார்.

என் கை தானாகக் கேட் கயிற்றுக்குப் போனது. என் சம்பளம் அவர்கள் கையில் இருந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டேன்.

"ரத்து பண்ணுங்கய்யா. அதுக்கு முன்னாடி ஒரு தடவ எங்கூட நடந்து வாங்க" என்று சொல்லிவிட்டு, கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு மழையில் ஏறத் தொடங்கினார்.

மானேஜரும் போனார், நானும் பின்னால் போனேன். ஒன்பதாம் வளைவின் வெளி ஓரத்தில் நின்று அந்த அம்மாள் கடப்பாரையை ஊன்றினார். ஓங்கிக் குத்தவில்லை, சும்மா அழுத்தினார். ஊறிப்போன மண்ணில் முக்கால் கடப்பாரை உள்ளே போய்விட்டது. மானேஜர் தானும் வாங்கி இன்னொரு இடத்தில் ஊன்றிப் பார்த்தார். அங்கேயும் அப்படித்தான். கீழே பள்ளத்தைப் பார்த்தார். கடப்பாரையைத் திருப்பிக் கொடுத்தார்.

"காய் அழுகிரும்மா" என்றார். இப்போது குரல் வேறு மாதிரி இருந்தது.

"அழுக விடமாட்டேன்" என்றார் வெள்ளைத்தாய் அம்மாள்.

லாரிச் சுமையைக் கேட்டில் இறக்கினோம். அகலப் பட்டை வண்டிகளில் அரைப் பாரமாக ஏற்றி எட்டாம் வளைவுவரை கொண்டுபோனார்கள். ஒன்பதாம் வளைவை மட்டும் ஆட்கள் மலையை ஒட்டி உள்பக்கமாகத் தலைச்சுமையில் கடந்தார்கள். அந்தப் பக்கம் தோட்டத்து வண்டிகள் இறங்கி வந்து நின்றன. ராவுத்தர் குழாயின் ஒரு முனையைத் தோளில் தாங்க, மறுமுனையை மானேஜரே தாங்கிப் போனார். இருட்டுவதற்குள் எல்லாம் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காய் தப்பித்தது.

ரோடு எட்டு நாள் மூடிக் கிடந்தது. வசூல் இல்லை, குத்தகைத் தவணை மட்டும் நிற்கவில்லை. வளைவுக்குக் கல் அடுக்கிக் கட்ட ஆள் வேண்டும். இரக்கப்பட்டு யாரும் வர வேண்டாம் என்று அந்த அம்மாள் வண்டிக்காரர்களிடம் சொன்னார். ஒருநாள் வேலைக்கு நான்கு நடைக்கு இலவசச் சீட்டு என்றார். முதல் நாளே நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். "நாம ஓட்டுற ரோடுப்பா, ஆத்தா சரியாத்தேன் சொல்லிட்டாக" என்று ராவுத்தர் சொன்னது காதில் விழுந்தது. அவருக்கு அந்த அம்மாளைவிடப் பதினைந்து வயதாவது கூடுதல்.

4. அடுத்த ஏலம்

ரோடு நன்றாக இருந்தது. வண்டிகள் நிறைய ஓடின. அதனால் அடுத்த வருடம் ஏலத்துக்குத் தேனியிலிருந்தும் ஆண்டிபட்டியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தொகை ஏறிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் வெள்ளைத்தாய் அம்மாள் உட்கார்ந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்கலாமே என்று நான் தவித்தேன்.

"இதுக்கு மேல கேட்டா, ரோட்டுல போட எங்கிட்ட மிஞ்சாது ரைட்டரே" என்றார்.

அவர் தோற்றுப் போனார். ஆனால் பத்திரம் எழுதும்போது மானேஜர் எழுந்தார். பட்டை அகலத்தைப் பார்த்துத்தான் கட்டணம், வெறும் வண்டிக்கு வசூல் இல்லை, மழைக்கு முன் இவ்வளவு ஜல்லி போட வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கச் சொன்னார். முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். அப்படிச் செய்யச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை. அந்த அம்மாளே ஆச்சரியப்பட்டதைப் பார்த்தேன்.

சித்திரை முதல் வாரம் வெள்ளைத்தாய் அம்மாள் லோடோடு மலையிலிருந்து இறங்கி வந்தார். நான் எழுந்து போய்க் கேட்டைத் தூக்கிவிட்டு, போகச் சொல்லித் தலையசைத்தேன். அவர் மாட்டை இழுத்துப் பிடித்து நிறுத்தினார்.

"சீட்டு குடுங்க. என்னையச் சும்மா விட்டா, பின்னாடி வர்றவன் நான் மட்டும் ஏன் குடுக்கணும்னு கேப்பான். அவன் கேக்குறது நியாயந்தானே?"

ஒன்றரை அணாவை வாங்கிக்கொண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது; பெருமையாகவும் இருந்தது.

பிறகு வேறு இரண்டு கேட்டுகளிலும், ஒரு பஸ் கம்பெனி ஆபீஸிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கட்டணம் அதிகம் என்று யாராவது தகராறு செய்தால், மற்ற ரைட்டர்கள் போலப் பலகையைக் காட்ட மாட்டேன். அந்த ஆள் வந்த ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்து போய்ப் பார்ப்பேன். பெரும்பாலும் அந்த ஆள் சொன்னதில் விஷயம் இருந்தது.