விவரமான புள்ள

கோச்சடையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விருந்து. வீட்டுக்காரர் தன் மூத்த மகளைக் காட்டி, "இவ ரொம்ப விவரமான புள்ள. கடைய இவ பாத்துக்குவா. சின்னவதான் படிப்பாளி" என்று பெருமையாகச் சொன்னார். என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சபுரா அக்கா தலையை நிமிர்த்தினாள்.

எங்களைப் பெற்ற அத்தாவும் ஒருநாள் இதையேதான் சொன்னார். அவருடைய கைலிக் கடைக்குள் நுழைந்தாலே புதுத் துணியின் கஞ்சி வாசம் தூக்கும். அத்தா டீயை சாஸரில் ஊற்றி ஊதிக் குடித்தபடியே வியாபாரம் பேசுவார். அவருக்குப் பக்கவாதம் வந்தபோது அக்கா பத்தாவது முடித்திருந்தாள். வகுப்பில் அவள்தான் முதல்.

"சபுராவ எந்த ஏவாரியும் ஏமாத்த முடியாது, அம்புட்டு விவரம். சின்னவளுக்கு ஒண்ணும் தெரியாது, அவ படிக்கட்டும்" என்றார் அத்தா.

அக்கா கல்லாவில் உட்கார்ந்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "இன்னைக்கு என்ன பாடம் நடத்துனாங்க?" என்று கேட்பாள். நான் சொல்லச் சொல்ல, கைலி மடிக்கும் அவள் கை அப்படியே நின்றுவிடும். இன்று என்னைப் பேராசிரியை என்கிறார்கள். அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் எனக்குக் கூசுகிறது.

"அண்ணே," என்று அக்கா அந்த விருந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "விவரமான புள்ளைன்னா அவளையும் படிக்க வைங்க. விவரம் இருக்குன்னு சொல்லித்தான் என்னைய நிப்பாட்டுனாங்க. எனக்கு இன்னும் மனசு ஆறல."

இத்தனை வருஷத்தில் அக்கா இதை எங்கள் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அவள் என் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.