பச்சைப் புள்ளி ஒட்டாத படம்

அன்று காலை ஷிப்டில் இடது கைக்கு உறை போடாமலே லைனில் நின்றிருக்கிறேன். பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் மேரிதான் அதைக் கவனித்தாள்.

“இன்னாக்கா, ஒரு கைக்கு மட்டும் கிளவுஸ் போட்டுகினு வந்துகீற?”

“ரெண்டுக்கும் போட்டுகினுதான கீறேன்,” என்றேன். நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கார் கதவின் உள்பக்க பேனல்களைப் பார்த்து அனுப்புவது என் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்தேன். இடது மேல் மூலையில் தொடங்கி விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வர வேண்டும். கீறலோ கறையோ இல்லையென்றால் வலது கீழ் மூலையில் என் எண் போட்ட பச்சைப் புள்ளி ஸ்டிக்கரை ஒட்டுவேன். என் புள்ளி விழுந்த பேனல் திரும்பி வந்ததில்லை என்ற கர்வம் எனக்கு உண்டு. அன்று மதியம் ஆம்புலன்ஸில் ஏற்றியபோதுகூட, மேசையில் பாதியில் விட்ட பேனலைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தேனாம்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் பக்கவாதம் என்றார் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு, அந்தப் பகுதி செயலிழப்பது). அடைப்பு மூளையின் வலப்பக்கத்தில். தளர்ந்துபோன இடது கையும் காலும் சில வாரங்களில் ஓரளவு தேறின. தேறாதது வேறொன்று. தட்டில் வலது பக்கத்துச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு இன்னும் பசிக்கிறது என்பேன். என் கணவர் ஆரோக்கியம் தட்டை அப்படியே திருப்பி வைப்பார். மறுசோறு வந்துவிட்டது என்று நினைத்துச் சாப்பிடுவேன்.

“கண்ணுல கோளாறு இல்லம்மா. மூளைதான் இடது பக்கத்தைச் சேர்த்துக்க மாட்டேங்குது,” என்றார் டாக்டர். இதற்கு இடப்புறப் புறக்கணிப்பு என்று பெயர் (ஒரு பக்கம் இருப்பதையே மூளை விட்டுவிடுவது). இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தப் பக்கம் இருட்டாகத் தெரியாது, காலியாகவும் தெரியாது. உலகம் முழுசாக இருப்பதாகத்தான் தெரியும். அதுதான் இதில் கொடுமை.

நான் டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மறுபடி லைனில் நிற்க முடியுமா? “பாக்கலாம்,” என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினேன்.

பயிற்சி கொடுக்க வந்த மேடம் ஒரு நாள் பழைய காலண்டர் தாள்களையும் பசையையும் ஒரு வெள்ளை அட்டையையும் முன்னால் வைத்தார். “துண்டு துண்டா கிழிச்சு ஒட்டுங்க. ரெண்டு பக்கமும் கனம் சமமா தெரியணும்.” சின்னப் பிள்ளை விளையாட்டு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நீலத்துக்கு எதிரே மஞ்சள், கீழே கொஞ்சம் கறுப்பு என்று பார்த்துப் பார்த்து ஒட்டினேன். முடித்ததும் பழக்க தோஷத்தில் பச்சைத் தாளை வட்டமாகக் கிழித்து வலது கீழ் மூலையில் ஒட்டினேன்.

மேடம் அட்டையைக் கவிழ்க்காமல், மேசைமேலேயே அரைச்சுற்று திருப்பி வைத்தார்.

“புது அட்டையா மேடம்?” என்றேன்.

அவர் மறுபடி திருப்பினார். என் படம் வந்தது. திரும்பத் திருப்பினார். வெறும் வெள்ளை. மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது. அட்டையின் இடது பாதியை வெறுமையாக விட்டுவிட்டு, எல்லாம் சரி என்று என் கையாலேயே புள்ளி வைத்திருக்கிறேன். அன்றுதான் முதல் முறையாக அழுதேன்.

அதன்பின் அட்டையின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டிக் கொடுத்தார். “கண்ணை நம்பாதீங்க ஸ்டெல்லா. கை சிவப்பைத் தொடுற வரைக்கும் படம் முடியல.” நானும் தொட்டுத் தொட்டு இடது பக்கத்தில் தாள்களை அடைத்தேன். அதுவும் தப்பு என்றார். துண்டுகளை எண்ணிப் போட்டால் சமநிலை வராதாம். ஓரத்தில் கிடக்கும் சின்ன அடர்சிவப்புத் துண்டு, எதிர்ப்பக்கத்து அகலமான வெளிர் நீலத்தைத் தாங்கிவிடும். காலியிடத்துக்கும் கனம் உண்டு. ஆனால் அது நாமாக விட்ட காலியிடமாக இருக்க வேண்டும். இது புரியவே எனக்கு மாதங்கள் ஆயின.

எட்டாம் மாதம் கம்பெனியில் கூப்பிட்டு, சோதித்துப் பார்க்க ஆறு பேனல்களை வைத்தார்கள். இடது விளிம்பைத் தொட்டுவிட்டுத் தொடங்கினேன். இடது மேல் மூலையில் இருந்த மயிரிழைக் கீறல் உட்பட எல்லாக் குறையையும் கண்டுபிடித்தேன். சூப்பர்வைசர் நல்ல மனுஷன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“எல்லாம் கரெக்ட்தான்மா. ஆனா லைன் நிக்காதே.”

லைனில் ஒரு பேனலுக்கு நாற்பது வினாடி. எனக்கு ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரிக்குத் திரும்பும் பஸ்ஸில் என் கணவர், “வேற வேலை பாத்துக்கலாம் வுடு,” என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனாலும் கோபம் வந்தது.

இடது பக்கம் எனக்கு இப்போது தாமதமாகத்தான் வருகிறது. என் மகள் ஜென்சி வேண்டுமென்றே என் இடப்பக்கத்தில் உட்காருவாள். முதலில் குரல் வரும். நான் தலையைத் திருப்பித் தேடுவேன். அதற்குப் பிறகுதான் அவள் இருப்பாள். என் இடது கையும் அப்படித்தான், நினைவு வைத்துக்கொண்டு தேடினால் மடியில் கிடக்கும்.

நேற்று ஒரு படம் முடித்தேன். சிவப்பு டேப்பை மூன்று முறை தொட்டுப் பார்த்தேன்.

“நல்லாத்தாம்மா கீது. பச்சைப் புள்ளி ஒட்லியா?” என்றாள் ஜென்சி.

கிழித்து வைத்திருந்த புள்ளியை அவளிடம் கொடுத்தேன். “நீ பாத்துட்டு ஒட்டு.”

ஒட்டிவிட்டதாகச் சொன்னாள். வலது மூலையில் பார்த்தேன், இல்லை. விரலை அட்டையில் வைத்து இடது பக்கமாக மெல்ல நகர்த்திக்கொண்டே போனேன். அவள் அவசரப்படுத்தவில்லை. சிவப்பு டேப்பை ஒட்டினாற்போல், பசை காயாமல் ஈரமாக, அது விரலில் பட்டது.