இடது ஸ்பீக்கரில் மூன்று தட்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மலேசியாவில், ஈப்போவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பழுதான சர்க்கியூட் போர்டுகளைச் சோதிப்பது என் வேலை. எது கெட்டாலும் முதலில் பட்டியல் போடுவேன், ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவேன், கடைசியில் மிஞ்சுவதுதான் கோளாறு. இதையும் அப்படியே எழுதுகிறேன். எந்த வரியில் உங்களுக்கு நம்பிக்கை விட்டுப்போகிறதோ அந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். நானும் குறித்து வைத்திருக்கிறேன்.

பக்கத்து ஊரான செமோரில் என் சித்தி இருக்கிறாள், அம்மாவின் தங்கை. நான்கு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போனது, பேச்சும் நாலைந்து சொற்களோடு நின்றுவிட்டது. சித்தப்பா, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். மாலையில் வந்து குளித்ததும் ஆம்ப்ளிஃபையரைப் போடுவார். சித்தி இடது ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் பெட்டியின் மேல் வைத்துக்கொள்வாள். பாட்டு அவளுக்குக் கை வழியாக வரும். குத்துப்பாட்டு என்றால் உயிர், மெல்லிசை வந்தால் கையை எடுத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விடுவாள். திரும்பக் கூப்பிட சித்தப்பா அவளைத் தொடமாட்டார், பின்னாலிருந்து தொட்டால் பயந்துவிடுவாள் என்று. பெட்டியையோ மேசையையோ தரையையோ மூன்று முறை தட்டுவார். அவள் திருப்பி இரண்டு முறை தட்டுவாள். இருக்கியா, இருக்கேன். அவ்வளவுதான் அர்த்தம்.

சித்தப்பா போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். சில மாதம் கழித்து லூமுட்டில் வேலை செய்யும் அவர்கள் மகன் குமார் அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"ஷாலு, அந்த செட்ட வந்து பாரு லா. அப்பா போனதுலேருந்து லைட்டு மட்டும் எரியுது, சத்தமே இல்ல. அம்மா தினம் சாயங்காலம் அதுமேல கைய வெச்சிக்கிட்டு தானா சிரிக்குது. பக்கத்து வீட்டு அக்கா பாத்துட்டு எனக்கு போன் அடிக்கிறாங்க. இப்படியே போனா இங்க கூட்டிட்டு வந்து டாக்டர்ட்ட காட்டப் போறேன்."

"செட்டு ஓடலன்னா எதுக்கு அண்ணே டாக்டரு?"

"செத்த பெட்டிகிட்ட பேசுனா பின்ன மெக்கானிக்கிட்டயா காட்டுவாங்க?"

"மெக்கானிக்கத்தானே மொதல்ல கூப்புடுற."

"வாய் மட்டும் நல்லா ஓடுது உனக்கு. ஞாயித்துக்கிழம போ."

போனேன். மாலை ஐந்து மணி, நல்ல வெளிச்சம். நான் ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்ததுமே சித்தி வேண்டாம் என்று கையை ஆட்டினாள். ஷாக் அடிக்கும் என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். அது என் முதல் தவறு.

கைப்பேசியை ஆம்ப்ளிஃபையரில் இணைத்துப் பாட்டைப் போட்டேன். ஹெட்ஃபோனில் தெளிவாகக் கேட்டது, ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. இந்த வகைக் கருவியில் ஆன் செய்த சில விநாடிகளில் உள்ளே ரிலே என்கிற ஒரு சின்ன சுவிட்ச் 'டிக்' என்று மூடி ஸ்பீக்கர்களை இணைக்க வேண்டும். அந்த 'டிக்' வரவில்லை. கோளாறு அங்கேதான். இருந்தாலும் ஸ்பீக்கர்களையும் பார்த்துவிடலாம் என்று அவற்றின் வயர்களைப் பின்னாலிருந்து உருவி மீட்டரில் கொடுத்தேன்.

ஸ்பீக்கர் என்பது திருப்பிப் போட்ட மைக். பெட்டியைத் தட்டினால் உள்ளிருக்கும் காகிதக் கூம்பு அசைந்து மீட்டரில் சிறிதாக ஒரு மின்னழுத்தம் காட்டும். பெட்டியிலிருந்து கையை எடுக்கும்படி சித்திக்குச் சைகை காட்டினேன். அவள் தயங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் தட்டுவதற்கு முன்பே மீட்டரில் எண் எழுந்தது. மூன்று முறை. பிறகு இடைவெளி. பிறகு மறுபடியும் மூன்று.

பட்டியல் போட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன். வாசலில் போய்ப் பார்த்தேன், வண்டி எதுவும் இல்லை, மழையும் இல்லை. ஆம்ப்ளிஃபையரின் பிளக்கையே பிடுங்கினேன். வலது பெட்டியில் மீட்டர் அசையவே இல்லை. இடது பெட்டியில் மூன்று, இடைவெளி, மூன்று. குறிப்பேட்டில் எழுதினேன்: 'இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது.' காரணம் என்று ஒரு கட்டம் போட்டு அதைக் காலியாக விட்டேன். சித்தி மீட்டரைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று நான் பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பயந்தால் வேலையை முடித்துவிடுவது என் பழக்கம். மூடியைக் கழற்றினேன். ரிலேயின் ஒரு காலில் ஈயம் மயிரிழையாக விரிசல் விட்டிருந்தது. மறுபடி பற்றவைத்து, வயர்களை மாட்டி ஆன் செய்தேன். 'டிக்'. பாட்டு வீடு முழுக்க நிறைந்தது. வீடியோ காலில் குமார் அண்ணன் கட்டைவிரலைக் காட்டினார். சித்தி பெட்டியில் கை வைத்தாள். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் பெட்டியில் இரண்டு முறை தட்டிவிட்டுக் காத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான்கு நாள் கழித்து மறுபடியும் போன்.

"அம்மா சரியா சாப்புடல ஷாலு. செட்டையே வெறிச்சிப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு. ஞாயித்துக்கிழம வந்து கூட்டிட்டுப் போயிர்றேன்."

அன்று இரவு குறிப்பேட்டைத் திறந்தேன். மூன்று தட்டு, இடைவெளி. அந்த இடைவெளி பதிலுக்கானது. பதில் சொல்லவேண்டிய கைகளை நான் மடியில் வைக்கச் சொல்லியிருந்தேன். அதனால்தான் தட்டுகள் நெருங்கி நெருங்கி வந்தன, உள்ளே அவள் இருக்கிறாளா என்று தெரியாமல் கதவைத் தட்டுகிறவனைப் போல.

நான் பழுது பார்த்ததும் அது நின்றுபோனதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. ஆன் செய்த ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கர் கூம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், சின்ன அசைவு எதுவும் அதில் எழாது; சித்தி அதை அணைப்பதே இல்லை. ரிலே மூடாமல் இருந்தவரை கூம்பு சுதந்திரமாக இருந்தது. நின்றதற்கு இது சுத்தமான விளக்கம். வந்ததற்கு என்ன விளக்கம் என்று கேட்காதீர்கள்.

ஞாயிறன்று நான் போனபோது சித்தியின் பை வாசலில் தயாராக இருந்தது. சித்தி என்னைப் பார்த்ததும் பெட்டியின் மேல் கை வைத்துக் காட்டினாள், ஸ்டியரிங் பிடிப்பதுபோல் இரண்டு கைகளையும் திருப்பினாள், அது சித்தப்பாவுக்கு அவள் வைத்த பெயர், பிறகு வெறும் கைகளை விரித்தாள். அண்ணன் சமையலறையில் குடிக்க மைலோ கலக்கிக்கொண்டிருந்தார். நான் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் போய் இடது ஸ்பீக்கரின் வயரை உருவி, முனையில் டேப் சுற்றி மறைத்தேன். ஓடுகிற கருவியைத் தெரிந்தே கெடுத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"அண்ணே, ஒரு பக்கம் மறுபடி போச்சு. இதுக்கு இனிமே ஸ்பேர் கெடைக்காது."

"பாலிடெக்னிக்ல மூணு வருசம் என்னதான் படிச்ச நீ?"

"தேத்தண்ணி போடக்கூட கத்துக்கல."

அவர் சிரிக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நான் நிறுத்தினேன். சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. என் பையில் மீட்டர் இருந்தது, எடுக்கவில்லை. பக்கத்தில் குந்தி நானும் அதே பெட்டியில் கை வைத்தேன், மரத்தின் குளிர்ச்சி தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. ஏழு மணிவாக்கில் சித்தியின் முகம் மாறியது. இரண்டு முறை தட்டினாள், காத்திருந்தாள், மறுபடி இரண்டு முறை. ஒரு வாரத்துச் சேதி எல்லாவற்றையும் ஒற்றைக் கையால் காற்றில் சொல்லத் தொடங்கினாள், மறு கையைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே.

பிறகு எழுந்து போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். மறுசோறும் போட்டுக்கொண்டாள். அண்ணன் அதை நின்று பார்த்தார். வாசலில் இருந்த பையை எடுத்து அறைக்குள் கொண்டுபோய் வைத்தார்.

"இங்கயே இருக்கட்டும் லா," என்றார். "பைத்தியம்னாலும் பசிக்கிற பைத்தியம்."

சித்தி கேட் வரை வந்து என்னை அனுப்பினாள். அடுத்த வாரம் வரும்போது உப்புக் கருவாடு வாங்கி வா என்று கையால் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். வீட்டுப் பக்கம் திரும்பி, 'வாரேன்' என்று கை காட்டிவிட்டு வேகமாக உள்ளே போனாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் ஒரு வண்டியும் இல்லை. ஆனால் என் கை அந்த இரும்பு கேட்டின் மேல் இருந்தது, கம்பி வழியாக உள்ளங்கையில் மூன்று தட்டு வந்து போயிருந்தது. என் காரின் அதிர்வாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். காரை நான் இன்னும் ஸ்டார்ட் செய்யவே இல்லை.