ஒரு மணிச் செய்தி

என் வீட்டுக்காரரை அவர் கம்பெனியில் எல்லோரும் 'கேப்டன்' என்பார்கள். நாலு பேரை வைத்து அவரே ஆரம்பித்த கம்பெனி. ஆறு மணியானால் விளக்கை அணைத்து எல்லோரையும் வீட்டுக்குத் துரத்திவிடுவார். அவர்கள் பாதியில் விட்ட வேலையை மட்டும் எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். "குடுத்து வச்சவங்க அக்கா நீங்க!" என்று அங்கே வேலை பார்க்கும் பெண் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் கொடுத்து வைத்தது? நானா, அவளா?

என் ஆபீஸில் எனக்கு வெளியூர் மாற்றல் வந்தது. வேண்டாமென்றும் சொல்லலாம். "போகட்டுமா?" என்று அவரிடமே கேட்டேன். ஆடிப்போய்விட்டார். மறுநாள் லீவு போட்டு, என்னையும் போட வைத்து, என் கண்ணெதிரே தன் போனை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஒரு மணிக்கு என் போன் சிணுங்கியது. அவரிடமிருந்து: "சாப்டியாம்மா?"

எதிரே மென்றுகொண்டிருந்தவரைப் பார்த்தேன். "இதை யாரு அனுப்பினது?"

திருதிருவென்று முழித்தார். "அது... ஆபீஸ் கம்ப்யூட்டர்லேர்ந்து தானா வரும். வேலைல மறந்துடுவேன்னு பயந்து, தினமும் வர்ற மாதிரி போட்டு வச்சேன்."

"எத்தனை நாளா?"

"கம்பெனி ஆரம்பிச்சதுலேர்ந்து."

அடப்பாவி மனுஷா! ஒரு மணிக்காவது என் நினைப்பு வருகிறதே என்றுதானே இத்தனை காலம் மனசைத் தேற்றிக்கொண்டேன்? ஆனால், மறந்துவிடுவோமோ என்று பயந்தவருக்குப் பாசம் இல்லையென்று எப்படிச் சொல்வது? அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. "நிறுத்துங்க அதை," என்றேன். போனைத் திறந்து நிறுத்தினார். திறந்ததுதான் திறந்தார், ஆபீஸ் வேலையில் அப்படியே மூழ்கிவிட்டார்.

அடுத்த நாள் என் ஆபீஸில், ஒரு மணிக்குப் போன் ஊமையாகக் கிடந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே கை போகவில்லை. மாற்றலுக்கு அன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும். "என்ன முடிவு பண்ணீங்க?" என்று மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நாலரைக்கு என் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். "ஐயோ, மறந்தே போயிட்டேன். சாப்டியா?"

இத்தனை காலமும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், அந்தச் செய்திக்கு "ஆச்சு" என்றே பதில் போட்டு வந்திருக்கிறேன்.

"இல்ல," என்றேன்.



"இல்லையா? அப்ப... இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டார், நிஜமாகவே தெரியாமல்.

எனக்கு மட்டும் தெரியுமா என்ன? மேனேஜரிடம் போய், "இன்னும் ஒரு நாள் குடுங்க சார்," என்று கேட்டேன்.