மூன்றாவது இழுப்பு

வண்டு, செய்தி வந்த நேரம் நான் உன்னுடைய லெப்டொப்புக்கு முன்னால்தான் இருந்தேன். உனக்கு மாற்று உடுப்பும் சுடுதண்ணிப் போத்தலும் எடுக்க ஆஸ்பத்திரியில் இருந்து விடியக்காலை பஸ்ஸில் ஆரையம்பதி வீட்டுக்கு வந்திருந்தேன். மேசையில் கை பட்டதும் திரை வெளிச்சமாகியது. முந்தின நாள் நான் விட்டுவிட்டு ஓடிய பெட்டி அப்படியே நின்றது. நீ பாடியதை அழிக்கவா என்று கேட்கிற பெட்டி. இடது பக்கம் அழுத்தினால் அழியும். வலது பக்கம் அழுத்தினால் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் உன்னோடு நின்ற ரவி பேசினான். "அக்கா" என்றான்.  அவன் கூப்பிட்ட விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

என் இடது மணிக்கட்டில் தங்கூசி நைலோன் நூல் துண்டு ஒன்று அப்போதும் கட்டியபடி கிடந்தது. நான் ஓடின ஓட்டத்தில் அறுந்தது அது. மற்றத் துண்டு உன் அறைக்குள்.

இந்த நினைவு மலரை வாசிக்கிற உங்களில் பலருக்கு என் தங்கச்சியை சுகந்தி என்றுதான் தெரியும். சின்ன வயதில் எந்த நேரமும் மூக்கால் முனகிக்கொண்டு திரிவாள். அதனால் வீட்டில் அவள் வண்டு. நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதுவதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத வேண்டிய ஒரு விசயம் இருக்கிறது. அதை என்னைத் தவிர வேறு ஒருவரும் எழுத முடியாது.

செத்த வீட்டன்று நான் போட்ட சத்தத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உடல் நடுவீட்டில் கிடக்க, யாரோ ஒரு தம்பி போனுக்குச் சார்ஜ் போட லெப்டொப்பின் வயரைக் கழற்றினான். "கைய எடுடா!" என்று நான் கத்தினேன். அழுதுகொண்டு இருந்தவர்கள் எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டார்கள். பெரியம்மா வந்து என் தலையைத் தடவி, "புள்ளைக்கு மனம் பேதலிச்சிட்டு" என்றா. எனக்கு ஒன்றும் பேதலிக்கவில்லை. அந்த லெப்டொப்பின் பற்றரி செத்து இரண்டு வருசம். வயரைக் கழற்றினால் நின்றுபோகும். நின்றுபோனால் அந்தப் பெட்டிக்கு என்ன நடக்கும், அதற்குப் பின்னால் இருக்கிற அவளுடைய குரலுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தில்தான் கத்தினேன். அந்தத் தம்பி இதை வாசித்தால் மன்னித்துக்கொள்ளட்டும்.

வீட்டில் பாட்டுப் பதிந்து நாங்கள் வேலை செய்த முறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லெப்டொப்பின் உள்ளே இருக்கிற காத்தாடி இரையும். அந்த இரைச்சல் மைக்கில் விழும் என்று வண்டு லெப்டொப்பை நடுவீட்டில் வைத்து, மைக்கைப் பின் அறையில் வைத்தாள். பின் அறைச் சுவரெல்லாம் பழைய மெத்தை. யன்னலுக்கும் மெத்தை. மேலே சுழல்கிற காத்தாடியையும் நிறுத்தித்தான் பாடுவாள். ஹெட்போன் ஒன்றுதான் இருந்தது. அது அவளுடைய காதில். ஸ்பீக்கரையும் நிறுத்தி வைக்க வேண்டும். ஆகவே அவள் பாடுவது எனக்குக் கேட்காது. வாயால் "நிப்பாட்டு" என்று சொன்னால் அதுவும் பாட்டோடு சேர்ந்து பதிந்துவிடும். அதனால் களப்பில் வலை கட்டுகிற தங்கூசியை வாங்கி, ஒரு முனையைத் தன் கையிலும் மற்ற முனையை என் கையிலும் கட்டினாள்.

ஒரு இழுப்பு என்றால் பதியத் தொடங்கு. இரண்டு என்றால் நிறுத்து, வைத்துக்கொள். இரண்டுக்குப் பிறகு ஒரு மூச்சு விட்டு மூன்றாவதாக இழுத்தால், சரிவரவில்லை, அழி. வைத்துக்கொண்டு பார்ப்போம் என்ற பேச்சுக்கு இடமில்லை. அந்தப் பழைய லெப்டொப்பில் இடம் எந்த நேரமும் முட்டித்தான் இருக்கும். பெட்டி ஒன்று இங்கிலீசில் வந்து கேட்கும். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. "இடப் பக்கம் அமத்துக்கா, அவ்வளவு காணும்" என்று சொல்லித் தந்தாள். நானும் கேள்வி கேட்காமல் இடது பக்கமே அழுத்திக்கொண்டு வந்தேன்.

இந்தத் தொழிலில் இரண்டு சாமான் இருக்கிறது. ஒன்று மிடி. அதில் சத்தம் கிடையாது. கீபோட்டில் எந்தக் கட்டையை, எந்த நேரம், எவ்வளவு பலமாக அமத்தினோம் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். அதைக் குழலாகவும் ஆக்கலாம், மேளமாகவும் ஆக்கலாம். பிழைத்த கட்டையை மவுஸால் பிடித்து இழுத்துச் சரியான இடத்தில் வைக்கலாம். மற்றது ஓடியோ. அது தொண்டையில் இருந்தோ தோலில் இருந்தோ வந்த உண்மையான சத்தம். நான் இரண்டையும் போட்டுக் குழப்புவேன். அவள் சொன்னாள்: "மிடி எண்டா சொல்லப் போற கதை. எத்தின தரமும் மாத்தலாம். ஓடியோ எண்டா நடந்து முடிஞ்ச விசயம். மாத்தேலா. வெட்டலாம், இல்லாட்டி அழிக்கலாம்."

களுதாவளைப் பிள்ளையார் கோயில் பாட்டு ஒன்றுக்கு எட்டுக் கட்ட மேளம் மிடியில் அடித்தாள். எட்டுக் கட்டமும் முடிந்ததும் திரும்ப முதலில் இருந்து ஓடும். அதைத்தான் லூப் என்பார்கள். ஒரு பட்டனை அமத்தினாள். அடிகள் எல்லாம் கோட்டுக்கு நேரே போய் நின்றன. வடிவாகத்தானே இருக்கிறது என்றேன். "ஸ்கூல் அசெம்பிளி மாதிரி இரிக்கு. சாமி ஆடுமாகா இதுக்கு?" என்று கேட்டுவிட்டு, மூன்றாவது அடியை மட்டும் ஒரு மயிரளவு பின்னுக்கு இழுத்து வைத்தாள். எட்டுக் கட்டத்துக்கும் ஒவ்வொன்றாகக் கையால் இழுத்தாள். பகல் முழுக்க அதுதான் வேலை. திருவிழாவில் அந்தப் பாட்டுக்கு ஆடியவர்களுக்கு இது தெரியாது.

ஏறாவூரில் பிடவைக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், எங்களுக்குக் காக்கா, பெருநாளுக்கு விளம்பரப் பாட்டுக் கேட்டு வந்த கதையையும் சொல்ல வேண்டும். பாடுகிறவனுக்குக் காய்ச்சல். ஓட்டோவில் கட்டுகிற ஸ்பீக்கருக்குப் பாட்டு அடுத்த நாளே வேண்டும் என்று காக்கா நடுவீட்டில் என் பக்கத்திலேயே கதிரை போட்டுக் குந்திவிட்டார். வண்டு தானே பாடுகிறேன் என்று உள்ளே போனாள். ஏழு தரம் பாடினாள். எட்டாவது தரம் இரண்டு இழுப்பு வந்தது. நிறுத்தினேன். உடனே மூன்றாவது வந்தது. அழித்தேன். பெட்டி வந்தது, இடது பக்கம் அமத்தினேன். அவள் கதவைத் திறந்து சிரித்துக்கொண்டு வந்தாள்.

"எப்பிடி காக்கா, நல்லா வந்திச்சா? போடுகா அக்கா, கேப்பம்."

"அழிச்சிட்டன்" என்றேன்.

"ரெண்டுதானே இழுத்தன்!"

கீழே குனிந்து பார்த்தால், எங்கள் பூனை கறுப்பி தங்கூசியில் கை போட்டு விளையாடிக்கொண்டு இருக்கிறது. காக்கா எழும்பி நின்று, "தங்கச்சி, பாடினது நீங்க, பதிஞ்சது உங்கட லாத்தா, அழிச்சது பூனையா? இந்தப் பூனைக்கும் ஒரு சாறன் தாறன், பாட்டத் தாங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் ஒன்பதாவது தரம் பாடிவிட்டு வெளியே வரும்போது இளைப்பு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைப்புக்கு அவள் வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப் என் மேசையில் இருந்தது. உள்ளே வைத்திருந்தால் தன் கை சும்மா இராமல் அதைக் கிலுக்கும், சத்தம் விழும் என்று எந்த நேரமும் என்னிடம் தந்துவிட்டுத்தான் போவாள்.

அன்றைக்குத்தான் புதுச் சட்டம் போட்டாள். "இனி மூண்டாவது வந்தா உடனே அழிக்காத. பத்து எண்ணு. நான் வந்து வேணாம் எண்டு சொல்லாட்டி அழி. அது வரைக்கும் எழும்பி வராத. கதவு திறந்தா எனக்கு எல்லாம் பாழ்."

பெருநாள் பாட்டை அந்தப் பையன் காய்ச்சல் மாறி வந்து பாடினான். காக்கா அதை மாற்றிப் போட்டார். அவளுடைய குரலை நாங்கள் அழித்தோம். எந்தப் பாட்டுக்கும் இதுதான் வழக்கம். பாடுகிறவர்களுக்கு வழி காட்ட அவள் பாடி வைப்பாள். அவர்கள் வந்து பாடியதும் அவளுடையதை எடுத்துவிடுவோம். அழித்தது எல்லாம் என் கைதான். இன்று அந்த லெப்டொப்பில் அவள் வாசித்த மிடி எத்தனையோ கிடக்கிறது. குரல் ஒன்றுதான். அது அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருப்பது.

எனக்குத் தெரிந்த இன்னொரு வேலை மூச்சை வெட்டுவது. பாட்டு திரையில் அலை அலையாக நிற்கும். வரிக்கு முன்னால் சின்னப் புழு மாதிரி ஒன்று கிடந்தால் அது மூச்சு. அதைப் பிடித்து வெட்டி எறிவேன். இங்கிலீசு வாசிக்கத் தெரியாதவள் மூச்சை வாசிக்கிறாள் என்று ரவி நக்கல் அடிப்பான். அவன் செங்கலடியில் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற சவுண்ட்ஸ் வைத்திருப்பவன். பாட்டு வேலைகளை எங்களுக்குப் பிடித்துத் தருபவனும் அவன்தான். ஏன் மூச்சை வெட்டுகிறோம் என்று ஒருநாள் வண்டுவிடம் கேட்டேன். "மூச்சுக் கேட்டா ஆள் தெரியும்கா. பாட்டு மட்டும் தெரிஞ்சாக் காணும்" என்றாள்.

அந்தக் கடைசி நாள் பின்னேரம் மூன்று மணி இருக்கும். ரவி கேட்ட தாலாட்டு ஒன்றுக்கு நாலு வரி. காலையில் இருந்தே அவளுக்கு நெஞ்சு அடைப்பு. "நாளைக்குப் பாடு புள்ள" என்றேன். "நாலு வரிதானே. பாடிட்டு வாறன்" என்று பம்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு இழுப்பு. பதியத் தொடங்கினேன். அலை ஓடுகிறது. முதல் வரி, இரண்டாம் வரி. வரிகளுக்கு நடுவில் இருந்த புழு வழக்கத்தை விடப் பெரிது. மூன்றாம் வரிக்கு முன்னால் அது புழு இல்லை, பாம்பு. நான் எழும்பப் போனேன். கதவு திறந்தால் எல்லாம் பாழ் என்றது ஞாபகம் வந்தது. இருந்தேன். நாலாம் வரி பாதியில் அலை மெலிந்தது. இரண்டு இழுப்பு வந்தது. நிறுத்தினேன்.

பிறகு ஒன்றும் இல்லை. வழக்கமாக விடுகிற ஒரு மூச்சு நேரம் போனது. இன்னொரு மூச்சு நேரமும் போனது. அதற்குப் பிறகு மூன்றாவது வந்தது. மெதுவாக, நீளமாக வந்தது. என் கை மேசையில் இருந்து கொஞ்சம் நகர்ந்தது.

நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. கறுப்பி முற்றத்தில் படுத்துக் கிடந்தது. நான் கண்ணால் பார்த்தேன். ஆறு. ஏழு. கதவு திறக்கவில்லை. பத்து. அழி என்று கொடுத்தேன். பெட்டி வந்தது. மவுஸை இடது பக்கம் கொண்டு போனேன். அப்போதுதான் கவனித்தேன், இழுத்த தங்கூசி திரும்பத் தளரவில்லை. இறுகியே நின்றது.

ஓடினேன். மீதி உங்களுக்குத் தெரியும். பத்து எண்ணியதால் அவள் போகவில்லை என்று எல்லாரும் சொல்கிறீர்கள். சொல்லுங்கள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

போன கிழமை ரவி வந்தான். திரைக்கு மேல் நான் போட்டிருந்த சீலையை எடுத்துப் பார்த்தான். வயருக்குப் பக்கத்தில் நான் பாய் போட்டுப் படுப்பதையும் பார்த்தான்.

"அக்கா, இதத் தாங்க. மூச்செல்லாம் எடுத்து, நாலாம் வரிய முதல் வரியில ஒட்டி, லூப் ஆக்கித் தாறன். முப்பத்தோராம் நாள் அன்னதானம் முடியும் மட்டும் வட்டமா ஓடும். ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது."

"அவ அழிக்கச் சொல்லியிரிந்தா?"

"ஆர் சொன்ன?"

"மூண்டாவது வந்திச்சி ரவி."

 "பதிஞ்சதக் கேட்டுப் பாத்தாத் தெரியாதா அக்கா?" என்றான். தெரியாது. இரண்டிலேயே நான் நிறுத்திவிட்டேன். மூன்றாவது எதிலும் பதியவில்லை, என் மணிக்கட்டைத் தவிர.

அவனுக்கு முன்னாலேயே மவுஸைப் பிடித்தேன். இத்தனை வருசத்தில் முதல் தரம் வலது பக்கம் அமத்தினேன். பெட்டி போய்விட்டது. அலை நின்றது, புழுவும் பாம்புமாக. ஒன்றையும் வெட்ட விடவில்லை. லூப் ஆக்கவும் விடவில்லை. முப்பத்தோராம் நாள் அதை ஒரு தரம் போடுவோம். நாலாம் வரியின் பாதியில் அது நிற்கும். நின்ற இடத்தில் நீங்களும் கொஞ்சம் சத்தமில்லாமல் இருங்கள்.

அவளிடம் இருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நாலு மூச்சும், கையில் கிடக்கிற இந்தத் தங்கூசித் துண்டும்தான். பம்பை அவளோடு அனுப்பிவிட்டேன்.

வண்டு, நீ சொன்ன சட்டத்தை மீறி வைத்துக்கொண்டேன். கோபம் என்றால் கோபித்துக்கொள். ஒன்றை மட்டும் சொல்லு புள்ள. அந்த மூண்டாவது இழுப்பு, அழி எண்டா இழுத்தாய், வா எண்டா இழுத்தாய்?