கதிரையில் இருந்த மிசினும் ஏரிக்கரையில் இருந்த வரதராசாவும்

சுவிஸ் நாட்டு மலைகள் அசையாமல் இருக்கப் பழகியதே ஊஸ்டர் வரதராசாவைப் பார்த்துத்தான். இதை இங்கத்தைப் புவியியல் புத்தகங்களில் போடமாட்டார்கள், அவர்களுக்குப் பொறாமை. மலைகூட இடைக்கிடை பனியைச் சரித்துவிட்டு ஒருக்கால் நெளியும். வரதராசா நெளியமாட்டார். மத்தியானச் சோறு முடித்து யன்னலோரத்துப் பழுப்புக் கதிரையில் சாய்ந்து இருந்தார் என்றால், முதலில் களைக்கிறது கதிரைதான். இருக்கிறதுக்கு ஒரு ஒலிம்பிக் வைத்தால் மற்ற நாட்டுக்காரர் பெயர் பதியவே வரமாட்டார்கள்.

ஆள் சும்மா இந்த நிலைக்கு வரவில்லை. அதற்கு முதல் அரைவாசிச் சீவியம் நின்றிருக்கிறார்.

எண்பத்தைந்தில் சுவிஸுக்கு வந்தவருக்கு முதல் வேலை எங்கடின் மலைப்பள்ளத்தாக்குப் பக்கத்தில், ஒரு பெரிய ஹோட்டலின் நிலத்துக்குக் கீழே இருந்த குசினியில். கோப்பை கழுவுகிறது. உலகத்துப் பணக்காரர் எல்லாம் மலை பார்க்க வருகிற இடத்தில் அவர் பார்த்தது ஆவி மட்டும். அந்தக் குசினியில் இருந்தது ஒரே ஒரு முக்காலி. அதில் வெங்காய மூட்டை இருந்தது. வெங்காயத்துக்குக் கிடைத்த மரியாதை மனுசருக்குக் கிடைக்கவில்லை. சாப்பாடும் ஃபிறிட்ஜில் சாய்ந்து நின்றபடிதான்.

பிறகு சூரிச்சில் லாங்ஸ்ட்ராஸப் பக்கம் ஒரு உணவகம். அங்கேயும் கோப்பை, அங்கேயும் நிற்கிறது. வேலை முடிந்து ஊஸ்டருக்கு ரயில் ஏறினாலும் இருக்கமாட்டார். ஒருமுறை இருந்து, நித்திரையாகி, ஊஸ்டரைத் தாண்டி ராப்பர்ஸ்வில்லில் கடைசி ரயில் விட்டுப்போய்க் குளிரில் கிடந்தவர். அன்றோடு ரயிலிலும் கம்பியைப் பிடித்து நிற்கிறதுதான். கடைசியில் கால் நரம்பெல்லாம் கயிறுபோல முறுக்கி, இடுப்பு நாரியும் விட்டுப்போக, இனி உம்மால் ஏலாது என்று டொக்டர்மார் எழுதிக் கொடுத்தார்கள். வரதராசா வீட்டுக்கு வந்தார், கதிரையில் இருந்தார், ஒரு வசனம் சொன்னார்.

"இனி என்னை ஒருத்தரும் எழும்பு எண்டு சொல்லக்கூடாது."

அதைத்தான் எல்லாரும் சொன்னார்கள். சீனி ஏறுது, நட என்றார் டொக்டர். மனுசி தில்லைநாயகி அலுவலகங்கள் துடைத்துவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே, "இஞ்சாருங்கோ, அந்தக் குப்பையையாவது கீழ கொண்டுபோய்ப் போடுங்கோவன்" என்றாள். கடைசி மகள் சாருஜா, தலைமயிர் வெட்டுகிற வேலை பழகப் போய்ப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் நின்றவள், வாயால் சொல்லவில்லை. ரீவி றிமோட்டின் பற்றரியைக் கழற்றி நிலக்கீழ் அறையில் வைப்பாள். கீழே போய்த் தானே மணியை அடித்து, தபால்காரன் குரலில் "பார்சல்!" என்பாள். வரதராசா செருப்பை இழுத்துக்கொண்டு இறங்கிப் போவார். பார்சல் இராது. திரும்பி ஏறி வந்து கதிரையில் இருப்பார். கோபப்படுகிறதுக்கும் ஒரு தென்பு வேண்டும்.

அவருக்கென்று இருந்த ஒரே சந்தோசம் பின்னேரத்துச் சீட்டு. முந்நூற்றிநாலு என்கிற ஆட்டம். குகநாதனும் மற்ற இரண்டு கூட்டாளிகளும் வருவார்கள், நாலு பேரும் மேசையைச் சுற்றி இருப்பார்கள். அந்த நேரத்தில் மட்டும் கால் உளைவது அவருக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு வசந்தத்தில் அந்த மேசைக்கு மதுஜா வந்தாள். குகநாதனின் மகள், சூரிச் பல்கலைக்கழகத்தில் கடைசி வருசம். வயது போன ஆக்கள் இருந்தபடி இருக்கிறதை எப்படிக் குறைக்கலாம் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஒரே அறையில் நாலு பேர் அசையாமல் இருந்ததைக் கண்டு, புதையல் கண்டவள் மாதிரி நின்றாள்.

"மாமா, நீங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இருப்பியள்?"

"எழும்பிற நேரத்தைக் கேள் பிள்ளை. அது சுருக்கமாச் சொல்லலாம்."

அவள் விளங்கப்படுத்தினாள். எல்லாரும் இடுப்பில் ஒரு பட்டி கட்டவேண்டும். அதில் தீப்பெட்டி அளவில் ஒரு மிசின். இருக்கிறது, எழும்புகிறது, நடக்கிறது எல்லாம் அதில் பதியும். பாதிப் பேர் பின்னேரத்தில் அவளோடு கிறைபென்சே ஏரிவரைக்கும் நடப்பார்கள். மற்றப் பாதி வழமைபோல இருப்பார்கள். முடிவில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. யார் எந்தப் பக்கம் என்று கணினிதான் குலுக்கி எடுக்கும்.

கணினி கூட்டாளிமார் மூன்று பேரையும் நடக்கிற பக்கம் தள்ளியது. வரதராசாவை வழமைபோல இருக்கிற பக்கம் விட்டது.

"அப்ப நான் இருக்கலாம்?"

"ஓம் மாமா, வழமைபோல."

"யூனிவெர்சிற்றியே சொல்லுதோ?"

"ஓம்."

"தில்லை! இஞ்சை வந்து கேள்! நான் இருக்கவேணுமாம்!"

தில்லைநாயகி குசினிக்குள்ளிருந்து எட்டியும் பார்க்கவில்லை. "உதுக்குப் பட்டமும் குடுத்திட்டுப் போகச் சொல்லுங்கோ" என்றாள்.

முதல் நாள் வரதராசா ராசா மாதிரித்தான் இருந்தார். பின்னேரம் யன்னலால் பார்த்தால் கூட்டாளிமார் மூன்று பேரும் புதுச் சப்பாத்தோடு போகிறார்கள். குகநாதன் இரண்டு கையிலும் நடைத்தடி வேறு. பனிச்சறுக்குக்குப் போகிறவர் மாதிரி மேலே பார்த்துத் தடியை ஆட்டிவிட்டுப் போனார்.

மேசை வெறுமையாகக் கிடந்தது. வரதராசா சீட்டுக்கட்டை எடுத்து நாலு பேருக்கும் போட்டார். தன் கையைப் பார்த்தார். நல்ல கை. ஏலத்தில் கேள்வி கேட்க ஒருத்தரும் இல்லை. திரும்ப அடுக்கி வைத்தார். ரீவியைப் போட்டார், நிற்பாட்டினார். அன்றைக்குத்தான் கால் உளைந்தது. இருந்தபடியே, முழங்காலுக்குக் கீழே, எங்கடின் குசினியில் உளைந்த அதே இடத்தில். இருந்தால் மாறிவிடும் என்றுதானே இவ்வளவு காலமும் நினைத்திருந்தார்.

ஒரு கிழமை அப்படியே போனது. எழும்பச் சொல்லவும் ஆளில்லை. சாருஜாகூட மணியடிக்கவில்லை, ஆராய்ச்சி பழுதாகிவிடும் என்று அவளுக்கும் பயம்.

பிறகு குகநாதன் ரெலிபோன் எடுத்தார்.

"வரதா, ஏரிக்கரையில ஒரு மேசை கிடக்கு. நடந்து முடிய, என்ர பெட்டை பஸ் ஏறிப் போயிடுவாள். நாங்கள் அதில கொஞ்ச நேரம் இருந்திட்டுத்தான் வாறனாங்கள். சீட்டும் கொண்டு போறம்."

"மூண்டு பேர் என்னத்தை விளையாடுறியள்?"

"அதுதானே எடுத்தனான். வாவன்."

"எனக்கு நடக்கத் தடையெல்லோ. பிள்ளையின்ர சோதனை."

எங்கடை ஆக்களுக்குப் பிள்ளையின் சோதனை, பரீட்சை என்றால் விளையாட்டில்லை. வீட்டில் ரீவியின் சத்தம் குறையும். விருந்தாளிகளைப் பிறகு வாருங்கோ என்பார்கள். கலியாண நாளையே தள்ளிவைப்பார்கள். ஆராய்ச்சி என்று மதுஜா சொன்னாலும் வரதராசாவின் காதில் விழுந்தது சோதனைதான். இருக்கச் சொன்னவன் எழும்பி நடந்தால் பெட்டை பெயில். கோபிசனின் மகள் பட்டம் எடுத்தாள், சாந்தனின் மகன் எடுத்தான் என்று ஊர் கணக்குப் பார்க்கிற நேரத்தில், தன்னால் ஒரு பிள்ளை பெயில் விடக்கூடாது.

ஆனால் மேசையில் ஒரு கை குறைகிறது.

அடுத்த நாள் சோறு முடிந்ததும் வரதராசா கதிரையில் இருந்தார். கொஞ்சம் யோசித்தார். பட்டியைக் கழற்றினார். கதிரையில் கிடந்த குசனை நிமிர்த்தி வைத்து அதன் இடுப்பில் பட்டியைக் கட்டினார். இறுக்கம் சரியோ என்று விரல் விட்டும் பார்த்தார்.

"நீ இரு. நான் வாறன்."

ஏரிக்குப் போகிற வழி சின்ன ஆற்றோரமாகப் போகும். மற்றவர்களுக்கு அரைமணித்தியால நடை. வரதராசா கண்ட வாங்கு எல்லாவற்றிலும் இருந்து இருந்து போனார். பிள்ளைவண்டில் தள்ளுகிற பெண்கள் முந்திப் போனார்கள். ஆற்றில் நீந்தின ஒரு தாராவும் முந்திப் போனது. திரும்பிவிடலாம் என்று ஒவ்வொரு வாங்கிலும் நினைத்தார். திரும்புகிற தூரமும் அதேயளவு தூரம்தான் என்கிற அலுப்பில் முன்னுக்குப் போனார்.

"ஆரப்பா இது, மலை நடந்து வருது!" என்றார் குகநாதன்.

"வாயை மூடிக்கொண்டு சீட்டைப் போடு."

அன்றைக்கு விளையாடினார்கள். அடுத்த நாளும். மதுஜா பஸ் ஏறிய பிறகு வருவார், பொழுதுபட முதல் வீட்டுக்குப் போய்க் குசனிடமிருந்து பட்டியை வாங்கித் தான் கட்டிக்கொள்வார். இரவில் கால் வீங்கிக் கிடக்கும். தில்லைநாயகி எண்ணெய் பூசிக்கொண்டே, "இருந்தும் வீங்குதே" என்பாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

மதுஜா வெள்ளிக்கிழமைகளில் வந்து மிசினில் பதிந்ததைக் கணினியில் இறக்கிக்கொண்டு போவாள். இரண்டாம் வெள்ளிக்குப் பிறகு, ஒரு திங்கள் பின்னேரம், சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். கதவைத் திறந்த சாருஜா, அப்பா குளிக்கிறார் என்றாள். மனுசன் எவ்வளவு நேரம்தான் குளிப்பான்.

வரதராசா படியேறி வந்து பார்த்தபோது, அவருடைய கதிரையில் மதுஜா இருந்தாள். குசன் அவளுடைய மடியில். பட்டி குசனில்.

"மாமா, இரவிரவா எனக்கு நித்திரை இல்லை" என்றாள். "மத்தியானம் தொடங்கினால் உங்கட மிசின் துளிகூட அசையேல்லை. உயிரோட இருக்கிற ஆள் அப்பிடி இருக்கேலாது மாமா. மயங்கி மயங்கிக் கிடக்கிறியளோ எண்டு நினைச்சன். ஓடி வந்தனான்."

வரதராசாவின் சப்பாத்தில் ஏரிச்சேறு. மறைக்கவும் ஏலாது.

"நீ பெயில் விட்டிடுவாய் எண்டுதான், பிள்ளை."

"நீங்கள் நடந்தால் நான் ஏன் பெயில் விடுறன்?"

"இருக்கச் சொன்னாயே."

"வழமைபோல எண்டு சொன்னனான். எழும்ப மனம் வந்தால் எழும்பிறதும், நடக்கிறதும், எல்லாம் அதுக்குள்ளதான். நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு எனக்குத் தெரியவேணும், அவ்வளவுதான்." குரல் இறங்கிப்போனது. "உங்கட பக்கத்தில எனக்கு ஆக்கள் காணாது. இப்ப உங்கட முழுக்கணக்கையும் எறியவேணும். புறொபெஸரிட்டை என்னெண்டு சொல்லுறது? பங்குபற்றினவரில ஒருத்தர் குசன் எண்டோ?"

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. விடிய வெள்ளன தொடங்கிக் கணினிக்கு முன்னால் இருக்கிறாளாம், நாரி விட்டுப்போச்சாம், ஆக்களை எழும்பப் பண்ணுகிறதுக்காகத் தான் ஆறு மாதமாக எழும்பவே இல்லையாம். வெட்கத்தில் கதிரையை விட்டு எழும்பப் போனாள்.

"இரு பிள்ளை, எழும்பாதை" என்றார் வரதராசா.

அவர் சுவரில் சாய்ந்து நின்றார். கால் கெஞ்சியது. நின்றார். சாருஜா தேத்தண்ணி கொண்டுவரும்வரைக்கும், அதை மதுஜா குடித்து முடிக்கும்வரைக்கும், பழக்கப்பட்ட நிலைதானே என்று நின்றார்.

"அப்ப இனி நான் எந்தப் பக்கம்?"

"ஒரு பக்கமும் இல்லை மாமா. உங்களை வெளியில எடுத்தாச்சு."

அடுத்த நாள் மத்தியானம் இருக்கச் சொல்ல ஒரு யூனிவெர்சிற்றியும் இல்லை, நடக்கச் சொல்லவும் இல்லை. கதிரை கிடந்தது. வெளியில் தூறல். கால் இரண்டும் முதல் நாள் நின்றதற்குச் சேர்த்து உளைந்தன. வரதராசா கதிரையில் இருந்து ஒரு சப்பாத்தைப் போட்டார். நீண்ட நேரம் மற்றச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அதையும் போட்டார்.

வழியில் வாங்கெல்லாம் ஈரம், இருக்க ஏலவில்லை. நின்று நின்றுதான் போனார். ஏரிக்கரையில் மரத்துக்குக் கீழே மேசை. மூன்று பேரும் குடைபிடித்தபடி காத்திருந்தார்கள். நாலு கைக்கும் சீட்டுப் போட்டுக் கிடந்தது. நாலாவது இடத்தில் ஈரம் படாமல் குகநாதன் தன் மழைச்சட்டையை மடித்து விரித்திருந்தார்.

"எவ்வளவு நேரமடாப்பா" என்றார் குகநாதன். "வந்து இரு."

வரதராசா இருந்தார். தன் கையை எடுத்துப் பார்த்தார். ஒன்றுக்கும் உதவாத கை.

ஊஸ்டர் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கென்று இவ்வளவும் எழுதி முடிந்தபோது, வரதராசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதே கதிரையில் இருந்து வாசித்தார்.

"மலை என்னட்டைப் பழகினதெண்டது சரி. அதை மாத்தாதை."

"சரியப்பா."

"அதென்ன, சாருஜா சாருஜா எண்டு எழுதியிருக்கிறாய்? பக்கத்து வீட்டுப் பெட்டை மாதிரி?"

"கதை அப்பிடித்தான் எழுதுறது."

"ம். மதுஜா சொன்னதில பாதியைக் காணேல்லை, மீதியையும் மாத்திப்போட்டாய்."

"எதை?"

"முதல் ரெண்டு மூண்டு நாள்தான் மிசின் அசையேல்லை. அதுக்குப் பிறகு பின்னேரத்தில எழும்பித் திரிஞ்சதாம். காலை இழுத்து இழுத்துக் குசினிக்குப் போய்த் திரும்பி வந்து இருந்ததாம். இருமிற மாதிரி ரெண்டு குலுக்கல் வேற. அச்சொட்டா என்ர நடையாம். அதாலதான் அவள் முதல்ல ஏமாந்தது." அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஒரு நாள் மட்டும் துள்ளினதாம். என்ர வயசுக்காரன் அப்பிடித் துள்ளினால் ஆஸ்பத்திரிதான் எண்டு சொல்லித்தான் அவள் ஓடி வந்தவள். குசன் துள்ளுமோ பிள்ளை?"

இதை எழுதினவள் இடுப்பில் பட்டி இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு யன்னலைப் பார்த்தாள்.

"அண்டைக்கு... ரேடியோவில நல்ல பாட்டொண்டு போனது, அப்பா."